பசி வரும்போது பாதிச் சமையல் முடிந்திருக்க வேண்டும்

வேலை முடிந்து வீடு வந்து சேர இரவு 7 மணி ஆகிவிடுகிறது, வீட்டில் நான்கு பேர், வாரத்தில் பாதி நாள் வெளிச் சாப்பாடுதான் என்கிறீர்கள். இனிமேல் வீட்டிலேயே சத்தாகச் சமைப்போம் என்று மூன்று முறை ஆரம்பித்தும் பத்துப் பதினைந்து நாளைத் தாண்டவில்லை. எளிமையாக, உடம்புக்கு நல்லதாக, தினமும் சமைக்க நடைமுறையில் என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உங்களை நீங்களே சோம்பேறி என்று சொல்லிக்கொள்வதை நிறுத்துங்கள். நான் இருபது வருடத்துக்கு மேல் தினமும் சமைக்கிறேன். ஆரம்பத்தில் இரண்டு மூன்று வருடம் எனக்கும் இதே கதைதான். அப்போது எனக்குப் புரியாதது ஒன்று: நாளின் ஆக மோசமான நேரத்தில் கொண்டுபோய் மொத்தச் சமையலையும் வைத்திருந்தேன். 7 மணிக்குக் கதவைத் திறக்கும்போதே பசி. அந்தப் பசியோடு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும், என்ன இருக்கிறது என்று தேட வேண்டும், கழுவ வேண்டும், நறுக்க வேண்டும், வேகும்வரை நிற்க வேண்டும், கடைசியில் பாத்திரமும் துலக்க வேண்டும். எத்தனை நாளைக்கு ஒருவரால் இது முடியும்? வெளிச் சாப்பாடு ருசியால் மட்டும் ஜெயிப்பதில்லை. இந்த யோசனை, தேடல், காத்திருப்பு எல்லாவற்றையும் நம் தலையிலிருந்து இறக்கி வைத்துவிடுகிறது, அதனால் ஜெயிக்கிறது.

ஆகவே பசி வரும்போது பாதிச் சமையல் ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும். மீதிப் பாதிக்கு இருபது நிமிடம் போதும். அந்த இருபது நிமிடத்துக்குள் ருசியையும் கொண்டுவரத் தெரிந்திருக்க வேண்டும். ருசியில்லாத சத்தான சாப்பாட்டை வீட்டில் யாரும் பத்து நாளுக்கு மேல் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள், சமைத்தவரும்தான்.

இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றலாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வு என் மனதில் அப்படியே நிற்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு, 20 பேரை நான்கு வாரம் தங்கள் மையத்திலேயே தங்கவைத்துச் சாப்பாடு போட்டது. இரண்டு வாரம் ஆலைகளில் பலபடியாகப் பதப்படுத்திய உணவு. இரண்டு வாரம் சாதாரணப் பொருள்களை வைத்துச் சமைத்த உணவு. முன்னால் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ கூடியது. சமைத்த உணவின்போது அதே 0.9 கிலோ குறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒருவரிடமும் "குறைத்துச் சாப்பிடு" என்று சொல்லாமலேயே இது நடந்திருக்கிறது. சமைத்த பொருளை மென்று சாப்பிட நேரமாகிறது, அதற்குள் வயிறு போதும் என்று சொல்லிவிடுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அதற்காக வீட்டில் செய்ததெல்லாம் நல்லது என்று ஆகிவிடாது. வீட்டு வாணலியிலும் எண்ணெய் முங்கப் பொரிக்கலாம், வீட்டுச் சாப்பாட்டிலும் உப்பை அள்ளிப் போடலாம். வீட்டில் சமைப்பதால் நமக்குக் கிடைப்பது ஒரு வசதி: எண்ணெய், உப்பு, சர்க்கரை மூன்றும் நம் கையில் இருக்கின்றன. அந்தக் கையைக் கொஞ்சம் பழக்க வேண்டும். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

சரி, பாதிச் சமையல் என்றால் என்ன? வாரம் முழுவதற்கும் ஞாயிற்றுக்கிழமையே சமைத்து டப்பா டப்பாவாக அடுக்கி வைக்கச் சொல்லவில்லை. அதையும் செய்து பார்த்திருக்கிறேன். புதன்கிழமை அந்த டப்பாவைத் திறக்கவே மனம் வராது. சமைத்து முடித்த பண்டத்தை வைப்பதைவிட, எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய பொருளாக வைப்பது நல்லது. என் ஃப்ரிட்ஜில் எப்போதும் மூன்று இருக்கும்: வேகவைத்த பயறு ஏதாவது ஒன்று, கழுவி நறுக்கிய காய் இரண்டு வகை, வெங்காயமும் தக்காளியும் பூண்டும் வதக்கிச் சுருட்டிய ஒரு கிண்ணம். இந்த மூன்றும் இருந்தால் இரவுச் சாப்பாடு எனக்குப் பெரிய வேலையே இல்லை. பயறையும் வதக்கியதையும் சேர்த்துத் தண்ணீர் விட்டால் குழம்பு. பயறோடு பச்சைக் காயும் எலுமிச்சையும் சேர்த்தால் சாலட். காயை வதக்கி முட்டையை உடைத்து ஊற்றினால் இன்னொன்று. பொருள் அதேதான், ஆனால் நாக்குக்கு ஒவ்வொரு நாளும் வேறு.

பயறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எளிய, மலிவான, சத்தான சாப்பாட்டுக்கு அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. புரதமும் நார்ச்சத்தும் ஒன்றாகக் கிடைக்கும். வருடம் முழுவதும் கெடாமல் இருக்கும். ஆனால் "வேகவே மாட்டேன் என்கிறது" என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அதற்குக் காரணங்கள் உண்டு. பயறு பழசாக இருக்கலாம். தண்ணீர் கடினத் தண்ணீராக இருக்கலாம். அதிலுள்ள கால்சியம் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அல்லது தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பை ஆரம்பத்திலேயே போட்டிருக்கலாம். புளிப்பு பட்டால் பயறு மெத்தென்று ஆக வெகுநேரம் எடுக்கும். அதனால் புளிப்பு எதுவானாலும் வெந்த பிறகுதான். உப்பைப் பற்றிய பயம் மட்டும் தேவையில்லாதது. ஊறவைக்கும் தண்ணீரிலேயே கொஞ்சம் உப்புப் போட்டால் தோல் சீக்கிரம் இளகும், வெடிக்காமல் முழுசாக வேகும். நான் இரவு படுக்கப் போகும்முன் கொண்டைக்கடலையை ஊறப்போடுவேன், காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் வைப்பேன். குளித்து வருவதற்குள் வெந்திருக்கும்.

குக்கர் வீட்டில் சும்மா இருந்தால் அதை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. குக்கருக்குள் அழுத்தத்தால் சுமார் 120 டிகிரி வரை போகும், அதனால் ஒரு மணி நேர வேலை இருபது நிமிடத்தில் முடிகிறது. 1679இல் தெனி பப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பையே மெத்தென்று ஆக்குவதற்காக உருவாக்கிய பாத்திரம் இதன் மூதாதை. எலும்புக்கே அப்படியென்றால் கடலை எம்மாத்திரம்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பு ராஜ்மாவை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்; அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம்தான் காரணம். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அரை மணி நேரம் கொதித்தால் இன்னும் நல்லது. அதன் பிறகுதான் பூப்போல ஆகும்வரை வேகவிட வேண்டும். குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவிடும் மின்பாத்திரத்தில் அதை நேராகப் போடவே கூடாது. அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது.

நறுக்கி வைக்கும் காய்க்கு ஒரே கணக்குத்தான்: ஈரம் கூடாது. கழுவி, துணியில் ஒற்றி, பிறகு நறுக்கி, மூடிய டப்பாவில் ஒரு காய்ந்த துணியோ தாளோ போட்டு வைத்தால் முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் மூன்று நாள் நன்றாக இருக்கும். நறுக்கிய பிறகு கழுவினால் தண்ணீரில் கரையும் சத்து தண்ணீரோடு போய்விடும், காயும் சீக்கிரம் கொழகொழத்துப் போகும். கீரையை மட்டும் ஆய்ந்து வையுங்கள், நறுக்கி வைக்காதீர்கள். முன்கூட்டியே நறுக்கினால் சத்து போய்விடுமே என்று சிலர் கேட்பார்கள். வைட்டமின் சி கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் நறுக்காமல் ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வாடி, கடைசியில் குப்பைக்குப் போகிற காயில் எந்தச் சத்தும் நமக்கு வந்து சேர்வதில்லை. இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் என்கிறது; உருளைக்கிழங்கு போன்ற கிழங்குகள் அந்தக் கணக்கில் வராது. உங்கள் வீட்டில் நான்கு பேரும் பெரியவர்கள் என்றால் 1.6 கிலோ. ஒரு நாளைக்கு! நாம் வாங்கி வருகிற பையைத் தூக்கிப் பார்த்தால் அது எத்தனை நாளைக்கு ஓடுகிறது என்பது உறைக்கும். எனக்கு அப்படித்தான் உறைத்தது. சமையல் முறையை மாற்றுவதற்கு முன்பே காய் வாங்கும் அளவை மாற்றினேன். தட்டில் சோற்றையும் குழம்பையும் குறைக்கச் சொல்லி யாரோடும் மல்லுக்கட்டவில்லை. காயைப் பாதித் தட்டுக்கு முதலில் வைத்தேன், மற்றது தானாகக் குறைந்தது.

இப்போது ருசிக்கு வருகிறேன். சத்தான சமையல் என்றால் வேகவைத்து உப்புத் தூவியது என்று ஒரு எண்ணம் இருக்கிறது. பத்து நாளில் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான் என்று நினைக்கிறேன். ஒரு முட்டைக்கோஸை எடுத்துக்கொள்வோம். மூடிபோட்டுத் தண்ணீரில் வேகவைத்தால் ஒரு வாடை வரும், தொய்ந்து போகும், குழந்தை தட்டை ஓரமாகத் தள்ளிவிடும். அதையே இப்படிச் செய்து பாருங்கள். அகலமான வாணலி. வெறும் வாணலியை நன்றாகச் சூடாக்குங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டு ஓடி மறைய வேண்டும். இரண்டு டீஸ்பூன் எண்ணெய். விரல் அகலத்துக்கு நறுக்கிய, ஈரமில்லாத கோஸை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். "சொய்ங்" என்று சத்தம் வரும். இப்போது கரண்டியை கீழே வைத்துவிடுங்கள். இதுதான் கஷ்டம், கை கிளறத் துடிக்கும். இரண்டு நிமிடம் தொடாதீர்கள். வாசனை மாறும், பச்சை வாடை போய் வறுத்த வேர்க்கடலை மாதிரி ஒரு மணம் எழும். ஓரங்கள் பழுப்பாகியிருக்கும். அப்போது ஒரு முறை புரட்டிவிட்டு, இன்னும் ஒரு நிமிடம், அதன் பிறகு உப்பு, இறக்கும்போது நாலு சொட்டு எலுமிச்சை. அவ்வளவுதான். கடிக்கும்போது நறுக்கென்று இருக்கும், இனிக்கும்.

இதில் நடப்பது என்னவென்றால், காயில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மேற்பரப்பு காய்ந்து சுமார் 140 டிகிரியைத் தொடும்போதுதான் பழுப்பு நிறமும் அந்த மணமும் பிறக்கும். 1912இல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கியதால் இதற்கு மயார் வினை என்று பெயர். வாணலியில் காயைக் குவித்துப் போட்டால் அது தன் தண்ணீரிலேயே அவிந்துவிடும், பழுப்பாகாது. உப்பை முதலிலேயே போட்டாலும் தண்ணீர் விட்டுவிடும். அதனால் இடம் விட்டுப் பரப்புவது, உப்பைக் கடைசியில் போடுவது, கிளறாமல் பொறுப்பது என்ற மூன்றும் இருந்தால் இரண்டு டீஸ்பூன் எண்ணெயிலேயே பொரித்த ருசியில் பெரும்பகுதி வந்துவிடும். பழுப்பு போதும், கருக விடாதீர்கள். குறிப்பாக உருளைக்கிழங்கு மாதிரி மாவுப்பொருளைப் பொன்னிறத்திலேயே எடுத்துவிடுங்கள். கூடுதலாகக் கறுக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடும்.

புளிப்பு அடுத்த தோழன். ஒரு நாள் இரவு வேகவைத்த பருப்பு ஒன்று செய்திருந்தேன், வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. வழக்கம்போலக் கை உப்பு டப்பாவுக்குப் போனது. சரி, பார்ப்போம் என்று ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தனியாக எடுத்து, உப்புக்குப் பதில் எலுமிச்சையை இரண்டு சொட்டுப் பிழிந்தேன். அதே பருப்புத்தானா என்று இருந்தது. உள்ளே இருந்த உப்பே அப்போதுதான் நாக்குக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் "உப்புக் குறைகிறது" என்று யாராவது சொன்னால் முதலில் எலுமிச்சை, அதன் பிறகுதான் உப்பு. பாதி நேரம் உப்புக்கு வேலையே இருப்பதில்லை. இன்னொரு லாபமும் உண்டு: பயறிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். அடுப்பை அணைத்த பிறகு பிழிந்தால் அது சூட்டில் அழியாமல் இருக்கும். சாப்பாட்டோடு டீ, காபி குடிப்பது இதற்கு நேர் எதிர். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

உப்பு, எண்ணெய் இரண்டுக்கும் கையைப் பழக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து! தினமும் யாரும் எடை போட்டுக்கொண்டிருக்க முடியாது. நான் செய்வது இது: உப்புப் பொட்டலத்தைப் பிரிக்கும் அன்று அதன்மேல் தேதியை எழுதிவிடுவேன். நான்கு பெரியவர்கள் என்றால் மாதத்துக்கு அதிகபட்சம் 600 கிராம். ஒரு கிலோ ஐம்பது நாளாவது வர வேண்டும். நம் வீட்டில் முப்பது நாளில் தீர்ந்துவிட்டால் யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். குழந்தைகள் இருந்தால் இன்னும் குறைவாக இருக்க வேண்டும், ஊறுகாய், சிப்ஸ், சாஸ் வாங்கினால் அதிலும் உப்பு வருகிறது. குறைக்கும்போது மட்டும் ஒரே நாளில் பாதியாக்காதீர்கள். வாரம் ஒரு சிட்டிகையாகக் குறையுங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். பழகிய பிறகு முன்பு சாப்பிட்டது கரிக்கும்.

எண்ணெய்க்கு இன்னும் எளிது. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றுவதை விடுங்கள். ஒரு நாள் நான் வழக்கமாக ஊற்றுவதைக் கிண்ணத்தில் ஊற்றி அளந்தேன். இரண்டு டேபிள்ஸ்பூன் என்று நினைத்திருந்தேன், நாலு இருந்தது. ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 120 கலோரி. எந்த எண்ணெயானாலும் அதுதான், "ஆரோக்கியமான எண்ணெய்" என்று எழுதியிருந்தாலும் அதுதான். இப்போது எண்ணெய்க்குள்ளேயே ஒரு கரண்டி கிடக்கிறது. அளந்து விடுகிறேன். எண்ணெயே இல்லாமல் சமைக்கும் போட்டியெல்லாம் வேண்டாம். கேரட், கீரையிலுள்ள கரோட்டின் என்ற சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொழுப்பு கொஞ்சம் வேண்டும். மசாலாவின் மணமும் எண்ணெயில்தான் கரைந்து வெளியே வரும்.

முன்கூட்டியே செய்து வைப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பல வருடம் முன்பு ஒரு இரவு நிறையச் சோறு மிஞ்சியது. ஆறட்டும் என்று பெரிய பாத்திரத்தோடு மேடையில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். மறுநாள் மதியம் நன்றாகச் சூடாக்கிக் கிளறிப் பரிமாறினேன். வாசனையில், ருசியில் ஒரு குறையும் இல்லை. மாலைக்குள் நான்கு பேருக்கும் வாந்தி. நன்றாகச் சூடாக்கினேனே, எப்படி என்று அப்போது புரியவில்லை. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். அவை கொதிநீரிலும் சாகாது. சோறு அறையின் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்து ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினால் அழிவதில்லை. அதாவது, காப்பாற்றுவது சூடாக்குவது இல்லை, சீக்கிரம் குளிரவைப்பதுதான்.

அதனால் எங்கள் வீட்டு வழக்கம் இது. மிஞ்சும் என்று தெரிந்தால் சாப்பிட உட்காரும்போதே தனியாக எடுத்து அகலத் தட்டில் பரப்பிவிடுவேன். ஒரு மணி நேரத்துக்குள் ஆறி ஃப்ரிட்ஜுக்குப் போய்விடும். எந்தச் சமைத்த உணவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக் கூடாது, வெயில் காலத்தில் அதற்கும் முன்பே. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் சுறுசுறுப்பாகப் பெருகும், ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சோறு என்றால் மறுநாளுக்குள், மற்றவை மூன்று நாளுக்குள். அதற்கு மேல் வேண்டியதை ஆறியவுடனே ஃப்ரீசரில் போடுங்கள். வேகவைத்த பயறை ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகச் சின்னச் சின்ன டப்பாவில் போட்டு உறையவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். எடுத்ததை ஆவி பறக்கச் சூடாக்குங்கள், ஒரே ஒரு முறைதான். அவ்வளவு ஒழுங்காக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

கடையில் வாங்குவதில் எதெல்லாம் ஒத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி வரும். உறையவைத்த பட்டாணி, காய் எல்லாம் தாராளமாக வாங்கலாம். பறித்த கொஞ்ச நேரத்திலேயே வெந்நீரில் காட்டி உறையவைப்பதால் சத்து பெரும்பாலும் தங்கிவிடும். தகரத்தில் அடைத்த பயறும் பரவாயில்லை, அந்த உப்புத் தண்ணீரை வடித்து நன்றாக அலசிவிட்டால் உப்பு கணிசமாகக் குறையும். மற்ற பொட்டலங்களுக்கு, முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பதைப் படிக்காதீர்கள். பின்பக்கம் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். முதல் மூன்றில் சர்க்கரை இருந்தால், முழுத்தானியம் என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் அது இனிப்புப் பண்டம். வீட்டுச் சமையல்கட்டில் சாதாரணமாக இருக்காத பொருள் ஏழெட்டு இருந்தாலும் திருப்பி வைத்துவிடுவேன்.

வேலையைப் பகிர்வது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியவில்லை. நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் ஒருவரே யோசித்து, வாங்கி, நறுக்கி, சமைத்து, துலக்கினால் எந்தத் திட்டமும் நிற்காது. பிரேசில் அரசு 2014இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி எனக்குப் பிடித்ததற்குக் காரணமே இதுதான். கலோரிக் கணக்கை முன்னால் நிறுத்தாமல், சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அதைப் பிறருக்கும் சொல்லிக்கொடுங்கள், சாப்பாட்டு வேலையை வீட்டில் எல்லோரும் பிரித்துக்கொள்ளுங்கள், அதற்கு நேரம் ஒதுக்குங்கள் என்று அது சொல்கிறது. ஏழு வயதுப் பிள்ளை பீன்ஸ் நார் எடுக்கும், கீரை ஆயும். தான் ஆய்ந்த கீரையை அது சாப்பிடவும் செய்யும், கவனித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் சமைப்பவர் பாத்திரம் துலக்குவதில்லை. இந்த ஒரு விதிதான் எங்களை இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறது.

அப்புறம், வகை வகையாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையை வார நாட்களில் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் மூன்று முறையும் புதுப் புதுச் சமையல் குறிப்புகளோடுதான் ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புதுக் குறிப்பு என்றால் புதுப் பொருள், புது அளவு, புதுத் தவறு. வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே விரும்பிச் சாப்பிடும் ஐந்தாறு பண்டங்களை எழுதுங்கள். அதில் ஒவ்வொன்றிலும் காயைக் கூட்டு, எண்ணெயை அள, கொஞ்சம் பயறைச் சேர் என்று ஒரு சின்ன மாற்றம். அவற்றையே சுற்றிச் சுற்றிச் செய்யுங்கள். திங்கட்கிழமைக்கு இது, செவ்வாய்க்கு இது என்று முடிவாகிவிட்டால் 7 மணிக்கு யோசிக்க எதுவும் இருக்காது. புதிதாக ஒன்று செய்து பார்க்க விடுமுறை நாள் இருக்கிறது.

எதுவுமே முடியாத நாளும் வரும். அதற்கென்று ஒரு பண்டம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும், பத்து நிமிடத்துக்குள் முடிவதாக, வீட்டில் எப்போதும் இருக்கும் பொருளால் ஆனதாக. எங்களுக்கு அது முட்டை. வதக்கிய வெங்காயம் தக்காளியைச் சூடாக்கி, அதில் குழி பறித்து முட்டைகளை உடைத்து ஊற்றி, மூடி வைத்தால் ஆறேழு நிமிடம். முட்டை சாப்பிடாத வீடாக இருந்தால் உறையவைத்த பட்டாணியும் வேகவைத்த பயறும் அதே வேலையைச் செய்யும். அதுவும் முடியாவிட்டால் வெளியே சாப்பிடுங்கள், நிம்மதியாகச் சாப்பிடுங்கள். மறுநாள் இரவு அடுப்பு பற்றினால் போதும். போன மூன்று முறையும் ஒரு நாள் தவறியதும் "சரி, அவ்வளவுதான்" என்று விட்டிருப்பீர்கள்.

வாரத்தில் ஏழு நாளும் என்று இப்போதே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் மாதம் வாரம் மூன்று இரவு. அந்த மூன்றும் நிலையாக நின்ற பிறகு நாலாவது.

இன்று இரவு படுக்கப் போகும்முன் இரண்டு டம்ளர் கொண்டைக்கடலையைக் கழுவி, நிறையத் தண்ணீரும் ஒரு டீஸ்பூன் உப்பும் போட்டு மூடி வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குக்கரில் ஏற்றுங்கள். வெந்ததை ஆறவிட்டு, வேலைக்குக் கிளம்பும்முன் பாதியை ஒரு டப்பாவில் ஃப்ரிட்ஜுக்கும் மீதியை ஃப்ரீசருக்கும் அனுப்பிவிடுங்கள். நாளை 7 மணிக்குக் கதவைத் திறக்கும்போது வெங்காயம் நறுக்குவதில் இருந்து ஆரம்பித்தால் போதும்.